கொல்லிமலைக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு

தொட்டியம் தாண்டியதும் ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாக ஆரம்பித்தது. எனக்குத்தான் கண் அசதியோ என்று முதலில் நினைத்தேன். இடது பக்கம் வாழைத்தோட்டம், அதற்கப்பால் இருட்டில் காவிரி. எதிரே வந்த பஸ்காரர் டிம் அடித்தார். பதிலுக்கு நான் டிம் அடித்தபோது இருந்த வெளிச்சமும் ஒரு நொடி செத்துப் பிழைத்தது. பாட்டு தானாக நின்றது. பின்சீட்டிலிருந்து அம்மா, "ஏன்டி, ஏசி காத்தே வரலையே" என்றாள்.

டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. முசிறியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியதிலிருந்தே எரிகிறது. நான் அப்போதே கேட்டேன். "அது அப்படித்தான் எரியும்" என்று அம்மாதான் சொன்னாள். அப்பா முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன்.

"ரெண்டாவது கியர் போட்டு ஒரு ரேஸ் குடும்மா. அணைஞ்சிடும்" என்றார், கண்ணைக்கூடத் திறக்காமல்.

கொடுத்தேன். அணைந்தது. ஆனால், ஹெட்லைட்டின் மஞ்சள் கொஞ்சம்தான் தெளிந்தது.

திருச்சியிலிருந்து கொல்லிமலைக்குக் கிளம்பியிருந்தோம். போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது அறப்பளீஸ்வரருக்கு அம்மா வேண்டிக்கொண்டது. ராத்திரியே மலையேறி, செம்மேட்டில் தங்கி, காலையில் கோயில் என்பது திட்டம். பஸ்ஸில் போகலாம் என்றேன், வாடகைக் கார் என்றேன். அப்பா அசையவில்லை. அவருடைய அம்பாசடரில்தான் போக வேண்டும்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் கம்பெனி கொடுத்தது இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஏசி பிற்பாடு வைத்தது. முன்னால் இரண்டு ஃபாக் லைட், டிக்கியில் ஆம்ப்ளிஃபையர், ஹெட்லைட்டில் 100/90 வாட் பல்பு (சட்டப்படி 60/55தான், எதிரே வருகிறவரின் பாவமும் நம்மைத்தான் சேரும்), போன் சார்ஜ் போட நாலு இடம். எல்லாம் அப்பா பார்த்துப் பார்த்துச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட்டிருக்கும் அப்பாவைத்தான் நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தேன்.

கடைசி மூன்று மாதமாகத்தான் தொல்லை. காலையில் ஸ்டார்ட் ஆகாது, தெருப் பையன்கள் தள்ளுவார்கள். எங்கள் ஊரில் ஒரு மெக்கானிக், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்தார். "வண்டி நிக்குது பாருங்க, ஆல்டர்னேட்டர் போச்சு" என்றார். 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை எடுத்துவிட்டு 65 ஆம்பியர் ஒன்றை மாட்டினார். அப்புறம் பேட்டரியையும் மாற்றினார். 15,000 ரூபாய்க்கு மேல் போனது. தொல்லை போகவில்லை. இனி இதற்குக் காசு போடுவதில்லை, இந்தப் பயணம் முடிந்ததும் விற்றுவிடலாம் என்று அம்மாவும் நானும் பேசி வைத்திருந்தோம். அப்பாவிடம் சொல்லவில்லை.

லாரிகளின் ஊர்

நாமக்கல் நெருங்கும்போது ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முன்னால் போன ஒரு லாரியின் வெளிச்சத்தை நம்பி ஓட்டினேன். மணி எட்டு. அப்பா, "மலைக்குப் போயிடலாம்மா, ஏத்தத்துல சின்ன கியர்லதானே போவோம், தானா சார்ஜ் ஏறிடும்" என்றார். அவர் சொன்னதில் அரைவாசி உண்மை இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். இந்த விளக்கை வைத்துக்கொண்டு நான் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்பாவிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் காருக்குள் யாரும் பேசவில்லை.

வண்டி ரிப்பேராக வேண்டுமென்றால் நாமக்கல்லில் ஆக வேண்டும். முட்டைக்கு எவ்வளவு பெயரோ, லாரிக்கும் அவ்வளவு பெயர் உள்ள ஊர். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸாக லாரி வந்து நிற்கும்: கதவு கிடையாது, கூரை கிடையாது, சக்கரங்கள், இன்ஜின், ஸ்டீயரிங், முகத்தில் துண்டு கட்டிய ஒரு டிரைவர். இங்கே பட்டறையில் தச்சரும் கொல்லரும் வெல்டரும் பெயின்டரும் ஆளுக்கொரு பக்கம் வேலை பார்த்து அதற்கு உடம்பு கட்டி அனுப்புவார்கள். 'பாடி கட்டுவது' என்பது இந்த ஊரில் பெரிய தொழில். ஒரு பட்டறை வாசலில் பாதி கட்டிய லாரியின் நெற்றியில் ஒரு பையன் ஆஞ்சநேயரை வரைந்துகொண்டிருந்தான். வால் வரைய வேண்டியது மட்டும்தான் பாக்கி. அவனிடம்தான் கேட்டேன்.

"எலக்ட்ரீஷியனா? அந்தச் சந்துல கடைசிக் கடைங்க. பெருசு ஒருத்தர் இருப்பாரு."

கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை. சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் பழைய ஆல்டர்னேட்டர்கள், செல்ஃப் மோட்டார்கள், செப்புக் கம்பிச் சுருள்கள். அறுபது வயதைத் தாண்டியவர். லுங்கி, காதில் ஒரு பென்சில். லாரிக்காரர்களிடமே வேலை பார்த்துப் பழகியவர் என்பதால் அம்பாசடரைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

"என்னங்க அம்மணி, வண்டி என்ன சொல்லுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். ஆல்டர்னேட்டர் புதுசு, பேட்டரி புதுசு, ரெகுலேட்டர்தான் போயிருக்கும், கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று.

"கழட்டறது கடைசீலங்க ஐயா. மொதல்ல அளக்கோணும்" என்று உள்ளே போய் ஒரு மல்டிமீட்டரை எடுத்து வந்தார். டேப் சுற்றிய மஞ்சள் மீட்டர்.

அளந்து பார்த்த கதை

இன்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் விட்டார். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டர் முள்ளை வைத்தார். 11.9 வோல்ட். "நல்லா நிறைஞ்ச பேட்டரின்னா சும்மா நிக்கும்போது 12.6 இருக்கோணும். 12.2ன்னா அரை வயிறு. இது பட்டினிங்க. சாகலை, பட்டினி."

பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். அரை அங்குலம் அமுங்கியது. அது சரி என்றார். பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் இதே தொல்லைதான் வரும். கிளம்பும்போது கீச்சென்று கத்தும். அதைப் பார்க்காமலே ஆல்டர்னேட்டரைக் கழற்றுகிறவர்கள் உண்டாம்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். சிவப்பு விளக்கு அணையவில்லை. மீட்டர் 11.8. "இப்ப ஒரு ரேஸ் குடுங்க அம்மணி." விளக்கு அணைந்தது, மீட்டர் 13.1க்கு ஏறியது. 'பார்த்தீர்களா' என்பதுபோல அப்பா என்னைப் பார்த்தார். பெரியவர் மட்டும் மீட்டரைப் பார்க்கவில்லை, டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த லைட்டு என்னங்க இவ்வளவு பளிச்சுன்னு இருக்குது?"

"நான்தான் மாத்தினேன். எல்.இ.டி. பழைய பல்பு மங்கலா இருந்துச்சு. வெயில்ல எரியறதே தெரியல."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். அப்போது எதுவும் சொல்லவில்லை.

அடுத்துதான் முக்கியமான வேலை. ஹெட்லைட், ஏசி எல்லாவற்றையும் போடச் சொல்லி, இன்ஜினைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மீட்டரை இரண்டு இடத்தில் வைத்தார். பேட்டரியில் 12.5 வோல்ட். ஆல்டர்னேட்டரின் மேலேயே, அதன் தடித்த வயர் கிளம்பும் முனைக்கும் அதன் உடம்புக்கும் இடையில், 14.0. பென்சிலை எடுத்து அட்டைப்பெட்டியின் மூடியில் எழுதினார்.

"ஆல்டர்னேட்டர் ஒழுங்காத்தான் 14 குடுக்குது. பேட்டரிக்கு வந்து சேர்றது 12.5. நடுவுல ஒண்ணரை வோல்ட்டை யாரோ திங்கறாங்க. யாருன்னு பார்க்கோணும்."

ஆல்டர்னேட்டர் முனையிலிருந்து பேட்டரியின் பிளஸ் வரை ஒரு தடவை அளந்தார்: 0.8. ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரியின் மைனஸ் வரை இன்னொரு தடவை: 0.7. கூட்டினால் ஒன்றரை. கணக்கு சரியாக வந்ததும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் விடை சரியாக வந்த சந்தோஷம். இரண்டு பக்கமும் சேர்த்து அரை வோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது என்பது அவர் கணக்கு.

"இந்த வயரைத் தொட்டுப் பாருங்க ஐயா."

அப்பா தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். சுட்டது. 35 ஆம்பியர் காலத்து வயர். ஆல்டர்னேட்டரைப் பெரிதாக்கியவர் வயரைப் பெரிதாக்கவில்லை. ஓடைக்கு வெட்டின வாய்க்காலில் ஆற்றைத் திருப்பிவிட்டதுபோல. வயரின் முனையில் இருந்த லக்கும் பச்சை பூத்திருந்தது.

மைனஸ் பக்கத்துக் கதை எங்கள் வீட்டுக் கதை. இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா இன்ஜின் பக்கம் முழுவதையும் பெயின்ட் அடித்தார். பளபளவென்று இருந்தது. ஊரே பார்த்தது. எர்த் பட்டை வந்து சேரும் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட். பெயின்ட் கரண்ட்டைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் கசிந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. பெரியவர் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளி மாதிரி இரும்பு தெரியும்வரை விடவில்லை. அது போதாதென்று ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் தனியாக ஒரு எர்த் வயரும் இழுத்தார். பிளஸ் பக்கத்துக்கு விரல் தண்டிக்கு ஒரு புது வயர், பேட்டரி அருகில் ஒரு ஃபியூஸ். லக்கை வெறுமனே நசுக்கி விடாமல் ஈயமும் பற்ற வைத்தார்.

வேலை நடக்கும்போதே நான் கேட்டேன், ஓடும் வண்டியில் டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது சரியான சோதனைதானா என்று. அவர் முகம் மாறியது. "அது டைனமோ காலத்துப் பழக்கம் அம்மணி. ஆல்டர்னேட்டர்ல பேட்டரியைத் திடீர்னு கழட்டுனா வோல்ட் எகிறும். உள்ள இருக்கற டயோடு போயிரும். புது வண்டின்னா கம்ப்யூட்டரே போயிரும். பேட்டரிதான் அதுக்கு மெத்தை." எங்களுடையது தப்பித்தது அதிர்ஷ்டம். வாசகர்களில் கார் வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது மறக்காதீர்கள். சில நூறு ரூபாய்க்கு மீட்டர் கிடைக்கிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் பெரும்பாலான கார்களில் கவலை இல்லை. 12.6க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15க்கு மேல் போனாலும் ஆபத்துதான்; பேட்டரி கொதிக்கும்.

ஒரு சொம்புத் தண்ணீர்

மணி பத்தாகியிருந்தது. அம்மா பக்கத்து மெஸ்ஸிலிருந்து எல்லோருக்கும் புரோட்டா வாங்கி வந்திருந்தாள். பெரியவர் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றிப் பேசினார்.

"அடிபம்பு அடிச்சிருக்கீங்களா அம்மணி? காஞ்சு கெடந்தா மொதல்ல மேல ஒரு சொம்புத் தண்ணி ஊத்தோணும். அப்பத்தான் அது தண்ணியப் புடிச்சு இழுக்கும். ஆல்டர்னேட்டரும் அப்படித்தான். சுத்தினா மட்டும் கரண்ட் வராது. உள்ள காந்தம் வேணும். அந்தக் காந்தத்துக்கு மொதக் கரண்ட், இந்த பல்பு வழியாத்தான் போகுது. பழைய பல்பு 3 வாட்டு. அது குடுக்கறது ஒரு சொம்பு. எல்.இ.டி குடுக்கறது ஒரு ஸ்பூனு."

அதனால்தான் ரேஸ் கொடுத்தால்தான் பிடிக்கிறது. இரும்பில் மிச்சமிருக்கும் கொஞ்சம் காந்தத்தை வைத்து வேகத்தில் தானாகக் கிளம்பிக்கொள்கிறது. அப்பா எப்போதும் ஸ்டார்ட் செய்ததும் பழக்கத்தில் ஒரு ரேஸ் கொடுத்துவிடுவார். நான் முசிறியில் கொடுக்கவில்லை. அங்கிருந்து தொட்டியம் வரை பேட்டரியைத் தின்றுகொண்டேதான் வந்திருக்கிறோம்.

"அப்ப எல்.இ.டியைக் கழட்டிடுங்க" என்றேன்.

பெரியவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்ட வேண்டாங்க. ஐயாவுக்குக் கண்ணுக்குத் தெரியோணுமில்ல? டேஷ்போர்டுக்குப் பின்னால ஒரு 3 வாட் பல்பை இதோட சேர்த்து வெச்சர்றேன். அது வேலையச் செய்யட்டும், இது கண்ணுக்குத் தெரியட்டும்."

பத்து நிமிஷ வேலை. சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. இன்ஜின் பிடித்தது. ரேஸ் கொடுக்காமலே விளக்கு அணைந்தது. பேட்டரியில் 14.1. ஹெட்லைட், ஏசி போட்டு, இன்ஜினைக் கொஞ்சம் உயர்த்தினால் 13.7.

போவதற்கு முன் அட்டை மூடியில் இன்னொரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஹெட்லைட் 16 ஆம்பியர், ஃபாக் லைட் 9, ஏசி ஃபேன்கள் 20, ஆம்ப்ளிஃபையர் சத்தத்துக்குத் தகுந்தபடி 15, மற்றது 5. கூட்டினால் 65. "உங்க ஆல்டர்னேட்டரும் 65. ஆனா அது ஓடுற வேகத்துல. சிக்னல்ல நிக்கறப்ப பாதிகூட வராது. ஐயா, சம்பளம் எவ்வளவோ அவ்வளவும் செலவுங்க. அந்த 100 வாட் பல்பைத் தூக்கிட்டு 60 போடுங்க." அவரிடமே வாங்கி மாட்டிக்கொண்டோம். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்றும் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். ராத்திரி மலை ஏற வேண்டாம் என்று அவரும் சொன்னதால் அப்பா மறுபேச்சு பேசவில்லை. நாமக்கல்லிலேயே தங்கினோம்.

70 வளைவுகள்

காலையில் ஆஞ்சநேயரைப் பார்க்கப் போனோம். 18 அடி உயரம், மேலே கூரை கிடையாது. வெயிலோ மழையோ அப்படியே நின்றபடி எதிரே குடைவரைக் கோயிலில் இருக்கும் நரசிம்மரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே இருக்கும் நாமகிரித் தாயார்தான் கணித மேதை ராமானுஜனின் குலதெய்வம். அப்பா அட்டை மூடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்ததைக் கவனித்தேன். ராமானுஜனுக்கு அடுத்து நாமக்கல்லில் அவருக்குப் பிடித்த கணக்கு அதுதான் போலிருக்கிறது.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து மலை எடுத்த எடுப்பிலேயே செங்குத்தாக எழுகிறது. ஒவ்வொரு வளைவிலும் எண் போட்டிருக்கிறார்கள். ஏறஏறக் காது அடைத்தது. கீழே சமவெளி ஒரு பழைய புடவையை விரித்ததுபோலக் கிடந்தது. பின்சீட்டிலிருந்து அம்மா முன்னால் எட்டிப் பார்த்து, வளைவுக்கு வளைவு வோல்ட் மீட்டரை வாசித்தாள். "13.9. இப்ப 13.7. இந்தா, திரும்ப 13.9." நேற்று ராத்திரி வரை ஆம்பியர் என்றால் என்னவென்று தெரியாத அம்மா.

நாற்பதுக்கும் மேலே ஒரு வளைவில் முன்னால் போன பஸ் திரும்ப முடியாமல் பின்வாங்கி, மறுபடி முன்னால் வந்து, திரும்பியது. நேற்று ராத்திரி, மஞ்சள் வெளிச்சத்தில், அந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். அப்பாவும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். "நேத்து நீ நின்னது நல்லதும்மா" என்றார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

அறப்பளீஸ்வரரை நிதானமாகக் கும்பிட்டோம். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படிகள் என்பதால் நான் மட்டும் பாதி வரை இறங்கி, சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். சோளக்காட்டில் அன்னாசியும் பலாவும் வாங்கினோம். திருச்சி வரை கார் முழுக்கப் பலா வாசனை.

திரும்பும்போதும் முசிறியில் இருட்டிவிட்டது. ஹெட்லைட் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. அப்பா மீட்டரைக் குனிந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"13 புள்ளி... அது 3ஆ, 8ஆ?"

"8ப்பா."

கொஞ்ச தூரம் போனோம்.

"திங்கட்கிழமை உனக்கு லீவு போட முடியுமா?" என்றார். "கண் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துடலாம். ரெண்டு வருஷமாவே இப்படித்தான் இருக்கு."

பின்சீட்டில் அம்மா எதுவும் சொல்லவில்லை. காரை விற்பதைப் பற்றி நானும் எதுவும் சொல்லவில்லை. அதே டீக்கடையில் நிறுத்தினேன். மூன்று டீ. திரும்பி வந்து சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்து, இன்ஜின் பிடித்தவுடன் அணைந்தது.